இல்லத்துக் கணினியும் லினக்ஸும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் நிறைந்த விழாவில் கணினியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம் காலனியில் பல இல்லங்களில் இருப்பது விண்டோஸ் 10 கொண்ட கணினி. அதற்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதியோ பழைய கணினிகள் பலவற்றிற்கு இல்லை. மாதச் சம்பளக்காரர்களாகிய நாம், நன்றாக ஓடும் ஒன்றைத் தூக்கி எறிவதா?

1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இங்கே கைகொடுக்கிறது. அதன் வகைகளுள் லினக்ஸ் மின்ட் என்பது விண்டோஸில் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாது, விலையும் இல்லை. அந்தத் தீபாவளி விடுமுறையில் எங்கள் இல்லத்துக் கணினியை அதற்கு மாற்றினேன்.

எங்கள் வீட்டில் கணினிக் கல்வி பெற்றவர் எவருமிலர். நானும் பாடம் நடத்த முற்படவில்லை. யார் யார் என்னென்ன செய்கின்றனர் என்று ஒரு வாரம் கவனித்துத் தாளில் குறித்துக்கொண்டேன். தாயார் ஊரிலிருந்து வரும் படங்களைப் பார்ப்பார். பழைய பாடல்களைக் கேட்பார். மனைவி மின்கட்டணம் செலுத்துவார். மகள் பள்ளிக் கட்டுரை எழுதுவாள். அவ்வளவே. இவற்றிற்கு அவர்கள் அறிந்த குரோம் உலாவியும், லிப்ரேஆபீஸும் போதுமாயின. பள்ளியில் வேர்டு கோப்பாகவே கேட்பார்களாதலால், எப்பொழுதும் அவ்வடிவிலேயே சேமிக்குமாறு முதல்நாளே அமைத்துவிட்டேன். இன்றேல் மறுநாளே வீட்டில் புரட்சி வெடித்திருக்கும்! சந்திப்பு நிலையத்தில் எஞ்சின் மாறும்போது பயணிகள் இருக்கையை விட்டு எழுவதில்லையே, அதுபோலத்தான் இதுவும்.

நிற்க. நான் பெரிதும் மதிப்பது வேறொன்று. ஒரே கணினியில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், அவரவர்க்கு உகந்த மொழியும் அமைக்கலாம். என் தாயாருக்குத் தமிழ் எழுத்தன்றி வேறெழுத்துத் தெரியாது. இத்தனை ஆண்டு இந்த ஊரில் எதைத் தொடுவதற்கும் யாரையேனும் எதிர்பார்த்திருந்தவர், இன்று ‘கோப்புகள்’ என்பதைத் தாமே படித்துத் திறக்கிறார். இடையிடையே ஆங்கிலச் சொற்களும் தலைகாட்டுகின்றன. மொழிபெயர்ப்பு முழுமை பெறவில்லை. அப்போது பேத்தி படித்துச் சொல்கிறாள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அவளுக்குப் பாட்டியார் தமிழைப் படித்துக் காட்டுகிறார். தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு.

மாற்ற விரும்புவோர் முதலில் படங்களையும் கோப்புகளையும் வேறொரு வட்டில் பிரதி எடுத்து வையுங்கள். பின்னர், எதையும் அழிக்காமல், பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கி, அச்சுப்பொறியும் ஒலியும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். டாலியில் கணக்கெழுதும் அன்பர்கள் அவசரப்பட வேண்டா; அது விண்டோஸுக்கென எழுதப்பட்டது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரைகளை வைத்திருப்போர், அந்த எழுத்துருக் கோப்பையும் உடன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அஃதில்லாவிடின் தமிழ் அனைத்தும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் காட்சி தரும்.

லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று என்னிடம் உண்டு. ஞாயிறு மாலைகளில் வீட்டில்தான் இருப்பேன். வேண்டுவோர் தயங்காது அழைக்கலாம்.