கை பழகினால் மனம் பழகும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் நீண்ட பேச்சு யாருக்கும் பிடிக்காது. பிள்ளைகளின் கண்ணெல்லாம் மேசை மேலிருக்கும் கோப்பைகள் மீதுதான் இருக்கிறது. ஆகவே ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பள்ளிக்கூடம் என்றால் நன்மை செய்யும் இடம் என்றுதான் நாம் நினைக்கிறோம். அந்தப் பள்ளிக்கூடமே ஒரு நாட்டின் பூர்வகுடி மக்களுக்குப் பெருங்கேடு செய்தது. இன்று அதே நாட்டின் பள்ளிக்கூடங்கள் அந்தப் புண்ணை ஆற்றப் பாடுபடுகின்றன. அந்த நாடு கனடா.

1880களிலிருந்து கனடா அரசாங்கமும் கிறிஸ்துவத் திருச்சபைகளும் சேர்ந்து பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று விடுதிப் பள்ளிகளை நடத்தின. 1920இல் சட்டத்தைத் திருத்தி அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதைக் கட்டாயமாக்கினார்கள். கேட்க நல்லதாகத்தானே இருக்கிறது? ஆனால் நடந்தது என்ன தெரியுமா? பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். தலைமுடியை வெட்டினார்கள். தாய்மொழியில் பேசினால் அடித்தார்கள். ஏறக்குறைய 150,000 பிள்ளைகள் இப்படி வளர்ந்தார்கள். 4,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீடு திரும்பவே இல்லை. இந்தப் பள்ளிகளில் கடைசியாக இருந்தவை மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில்தான். நம்மில் பலர் பிறந்து வளர்ந்த பிறகு நடந்த சங்கதி, ஐயா!

1973இல் ஃபிலிஸ் வெப்ஸ்டட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு அவள் பாட்டி ஒரு புதுச்சட்டை வாங்கிக் கொடுத்தார். பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். ஆசையாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். திருப்பித் தரவே இல்லை. தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் பள்ளியில் பிடுங்கிக்கொண்டால் உங்கள் பிள்ளைக்கு எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள். அவர் வளர்ந்து பெரியவரான பிறகு 2013இல் இந்தக் கதையை ஊரறியச் சொன்னார். இன்று ஆண்டுதோறும் செப்டம்பர் 30ஆம் நாள் கனடாப் பிள்ளைகள் ஆரஞ்சுச் சட்டை அணிந்து பள்ளிக்கு வருகிறார்கள். 2021 முதல் அது நாடு முழுவதற்குமான நினைவு நாளாகவும் ஆகிவிட்டது.

2008இல் கனடாப் பிரதமர் நாடாளுமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டில் அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் ஆயிரக்கணக்கானோரின் வாக்குமூலங்களைக் கேட்டு, 2015இல் 94 பரிந்துரைகளை வெளியிட்டது. இந்த வரலாற்றைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

சரி, எப்படிக் கற்பிப்பது? புத்தகத்தில் இரண்டு பக்கம் சேர்த்துவிட்டால் போதுமா? பிள்ளை மனப்பாடம் செய்து, எழுதி, மறந்துவிடும். இதை உணர்ந்த ஆசிரியர்கள் கைவேலையை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள்.

2007இல் ஒட்டாவா நகரத்து ஆசிரியை ஒருவரும் அவர் மாணவர்களும் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். இறந்துபோன ஒவ்வொரு பிள்ளைக்காகவும் ஒரு சின்ன மரவில்லை. மாணவர் அதில் தம் கையால் வண்ணம் தீட்ட வேண்டும். அதோடு முடியாது. அந்தப் பள்ளிகளில் படித்து உயிர் பிழைத்த ஒருவரை வகுப்புக்கு அழைத்து, உட்கார வைத்து, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். பல மாநிலங்களுக்கு இந்த வேலை பரவியது. 4,000 என்பது கணக்கில் ஓர் எண். ஒரு வில்லையைக் கையில் பிடித்தால் அது ஒரு பிள்ளை.

இன்னொன்று கம்பளிப் பயிற்சி. 1997இல் உருவானது. தரையெல்லாம் கம்பளிகளை விரித்து எல்லாரும் அதன் மேல் நிற்பார்கள். கம்பளிதான் நிலம். ஒருவர் வரலாற்றைப் படிக்கப் படிக்க, கம்பளிகளை ஒவ்வொன்றாக மடித்துச் சுருக்குவார்கள். நோய் வந்ததென்று சிலரை வெளியேற்றுவார்கள். கடைசியில் கால் வைக்கக்கூட இடம் இருக்காது. பிறகு வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் மனத்தில் பட்டதைச் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது.

மேளம் செய்யும் பட்டறைகளும் உண்டு. தோலை நீரில் ஊறவைத்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, காயவிட வேண்டும். உறுமி மேளம் தெரிந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த மக்களின் முக்கியமான சடங்குகள் சிலவற்றை 1885 முதல் 1951 வரை சட்டமே தடை செய்திருந்தது. ஆகவே ஒரு மூதாட்டி வெள்ளைக்காரப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தோல் கட்டச் சொல்லிக்கொடுக்கிறார் என்றால், அது சாதாரண விஷயமல்ல. நேற்று வரை யாரை அறிவில்லாதவர் என்று ஒதுக்கினார்களோ, அவரே இன்று குரு.

இதனால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடாது. நில வழக்குகள் இன்னும் நடக்கின்றன. சில பூர்வகுடி ஊர்களில் இன்றும் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க முடியாது. மேளம் செய்து படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் அது நல்லிணக்கம் ஆகாது என்று அந்தப் பெரியவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் கேட்கப் பழகாத நாடு தண்ணீர்க் குழாயையும் போடாது.

அன்பர்களே, இதை ஏன் இங்கே வந்து சொல்கிறேன்? நம் நாட்டிலும் ஓராங் அஸ்லி மக்கள் இருக்கிறார்கள். கேரித் தீவில் செம்பனைத் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே மா மெரி மக்கள் வாழ்கிறார்கள். மரத்தில் முகமூடி செதுக்குவதிலும் ஓலை முடைவதிலும் கைதேர்ந்தவர்கள். நம்மவர்களும் அந்தத் தீவில் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியும் குலை வெட்டியும் வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் எத்தனை பேர் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போயிருப்போம்? இன்னும் நம்மில் சிலர் கோபம் வந்தால் பிள்ளையை 'சக்காய்' என்று திட்டுகிறோமே! அது அந்த மக்களை இழிவுபடுத்திய சொல். நம்மை 'கெலிங்' என்று ஒருவன் சொன்னால் நமக்கு எப்படிச் சுடுகிறது? அவர்களுக்கும் அப்படித்தான் சுடும்.

எனவே பள்ளிக்கு என் வேண்டுகோள் ஒன்று. அடுத்த தவணையில் ஓராங் அஸ்லிப் பெரியவர் ஒருவரை முறையாக அழையுங்கள். அவருக்கு உரிய சம்மானம் கொடுங்கள். அவர் பிள்ளைகளுக்கு ஓலை முடையச் சொல்லித் தரட்டும். நம் பாட்டிமார் அவருக்குத் தோரணம் கட்டவும் பூத் தொடுக்கவும் காட்டட்டும். பெற்றோர்களுக்கும் ஒன்று: இன்று ராத்திரியிலிருந்து அந்தத் திட்டுச் சொல்லை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று முடிவு எடுங்கள். அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

மாணவச் செல்வங்களே, தமிழில் பேசியதற்காக இந்தப் பள்ளியில் உங்களை யாரும் அடிப்பதில்லை. தமிழில் நன்றாக எழுதியதற்குப் பரிசே தருகிறார்கள். அந்தப் பரிசை வாங்கும்போது, தாய்மொழி பேசியதற்காக அடிபட்ட பிள்ளைகளையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.