பேட்லிங் சிக்கி: காலனியத்தை நிலைகுலைய வைத்த கறுப்பினச் சாம்பியன்



விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது என்று ஆளும் வர்க்கங்கள் ஓயாமல் உபதேசிக்கின்றன. அந்த உபதேசம் எவ்வளவு போலியானது என்பதை அறிய, உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தை வென்ற முதல் ஆப்பிரிக்கரான பேட்லிங் சிக்கியின் வாழ்க்கை ஒன்றே போதும்.

பிரெஞ்சுக் காலனியான செனகலின் செயின்ட் லூயி நகரில் 1897ஆம் ஆண்டு பிறந்த அவரது இயற்பெயர் லூயி ம்பாரிக் ஃபால். சிறுவயதிலேயே பிரான்சை அடைந்த அவர், பதின்வயதில் குத்துச்சண்டை மேடை ஏறினார். முதல் உலகப்போரில் பிரெஞ்சுக் காலனியப் படையில் போரிட்டுக் காயமுற்றார். வீரப் பதக்கங்களும் பெற்றார். உயிரைக் கொடுக்க அழைத்தபோது ஏகாதிபத்தியம் அவரது நிறத்தைப் பார்க்கவில்லை.

1922 செப்டம்பர் 24 அன்று பாரிசில், லைட் ஹெவிவெயிட் பிரிவின் உலகச் சாம்பியனும் பிரான்சின் செல்லப்பிள்ளையுமான ஜார்ஜஸ் கார்பெந்தியேவைச் சிக்கி எதிர்கொண்டார். ஆறாவது சுற்றில் கார்பெந்தியே வீழ்ந்தார். ஆனால் நடுவரோ, சிக்கி காலை இடறிவிட்டார் என்று கூறி, வீழ்ந்தவரையே வெற்றியாளராக அறிவித்தார். அரங்கில் திரண்டிருந்த பாரிஸ் மக்கள் கொதித்தெழுந்தனர். தீர்ப்பு மாற்றப்பட்டது, பட்டம் சிக்கியைச் சேர்ந்தது. பெரும்பாலும் வெள்ளையர்களான அந்த மக்கள் ஒரு கறுப்பரின் நியாயத்துக்காகக் குரல் எழுப்பியது நினைவில் நிறுத்த வேண்டிய ஒன்றாகும்.

ஆதிக்கவாதிகளின் ஆத்திரம் உடனே வெளிப்பட்டது. பத்திரிகைகள் அவரைக் காட்டு மனிதராகச் சித்திரித்தன. அவருடைய மேலாளரே அவரைக் குரங்கோடு ஒப்பிட்டார். பெருநகரங்களிலேயே வாழ்ந்த தாம் காட்டைக் கண்டதே இல்லை என்று சிக்கி பதிலளித்தார். வேறொரு போட்டியில் எதிர்த்தரப்பு மேலாளரைத் தாக்கினார் என்ற குற்றச்சாட்டின் பேரில் பிரெஞ்சுக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு அவரை ஒன்பது மாதங்கள் இடைநீக்கம் செய்தது. இலண்டனில் அவர் ஒரு வெள்ளை வீரருடன் மோதவிருந்த போட்டியைப் பிரிட்டிஷ் உள்துறை தடுத்தது. பேரரசில் வாழும் கறுப்பு, பழுப்பு நிற மக்களின் உணர்ச்சிகள் கிளர்ந்துவிடும் என்பதே அதன் அச்சம். இந்தியாவும் அப்போது அந்தப் பேரரசுக்குள்தான் இருந்தது.

கார்பெந்தியேவிடம் தோற்றுக்கொடுக்கும்படி முன்கூட்டியே பேரம் நடந்ததாகச் சிக்கி அம்பலப்படுத்தினார். போருக்கு ஆப்பிரிக்கர்களைத் திரட்டித் தந்த செனகல் பிரதிநிதி பிளேஸ் டியாக்னே, இப்பிரச்சினையைப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் எழுப்பினார். பாரிசில் அப்போது வாழ்ந்த ஹோ சி மின், 'லெ பாரியா' ஏட்டில் சிக்கியைப் பற்றி எழுதினார். அந்த ஏட்டின் பெயரிலுள்ள 'பாரியா' என்ற சொல், தமிழகத்தில் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட பறையர் மக்களின் பெயரிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றதாகும். வியட்நாமியப் புரட்சியாளர் ஒருவர் செனகல் வீரருக்காக அந்தப் பெயர் தாங்கிய ஏட்டில் எழுதினார் என்பது, ஒடுக்கப்பட்டோரின் உறவு எவ்வளவு விரிந்தது என்பதை உணர்த்துகிறது.

1923 மார்ச் 17 அன்று டப்ளினில் அயர்லாந்து வீரர் மைக் மெக்டீகிடம் புள்ளிகள் அடிப்படையில் சிக்கி பட்டத்தை இழந்தார். பின்னர் அமெரிக்கா சென்றார். 1925 டிசம்பர் 15 அன்று நியூயார்க் வீதியில் சுடப்பட்டு இறந்து கிடந்தார். அவருக்கு வயது 28. கொலையாளி தண்டிக்கப்படவே இல்லை.

1993இல் அவரது உடல் எச்சங்கள் விடுதலை பெற்ற செனகலுக்குக் கொண்டுவரப்பட்டு, பிறந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட்டன. சிக்கி எந்தப் புரட்சிகர அமைப்பையும் சேர்ந்தவர் அல்ல. எனினும், தோற்க வேண்டியவராகத் தீர்மானிக்கப்பட்ட ஒருவர் தோற்க மறுத்தபோது, நிறவெறி கட்டியெழுப்பிய உயர்வு தாழ்வு ஆறே சுற்றுகளில் ஆட்டம் கண்டது. இதனால்தான் அவரது வாழ்க்கை உழைக்கும் மக்களின் வரலாற்றோடு சேர்கிறது.