வண்டி நின்னா நாம நிக்க வேண்டாம்
(கூட்டமைப்பு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரை படித்த குடும்பப் பெண். கடன், வட்டி பற்றிப் பேச நிறைய பேர் இருக்காங்க. நான் வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கேன்.

நம்ம பக்கத்து தர்மபுரி மாவட்டத்தில்தான் 1989-ல் மகளிர் குழுக்களை அரசு ஆரம்பித்தது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக் கொடுத்தது. 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியம் வந்தது. விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அது. ஆனா பரமனந்தலிலிருந்து ஜமுனாமரத்தூர் போற மலை ரோட்டுல, பொழுது சாயுற நேரத்துல வண்டி நின்னா என்ன செய்யறது? இந்தப் பயத்துலேயே பல பேர் வண்டியை வீட்டுக்காரர்கிட்ட விட்டுடறோம். வண்டி நம்ம பேர்ல, சாவி அவங்க கையில.

வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா பதறாம வரிசையா பாருங்க.

முதல்ல சுவிட்ச். சாவி ஆன்ல இருக்கா, கைப்பிடி பக்கத்துல இருக்கிற சிவப்பு சுவிட்சைக் குழந்தைங்க அமுக்கி வச்சிருக்காங்களா பாருங்க. சில புது வண்டிகள் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தா ஸ்டார்ட் ஆகாது. ஸ்கூட்டருக்கு பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டுதான் செல்ப் போடணும்.

ரெண்டாவது பெட்ரோல். முள்ளை நம்பாதீங்க, மூடியைத் திறந்து பாருங்க. இருட்டுல தீக்குச்சி கிழிக்கவே கூடாது. செல்போன் லைட் போதும். பழைய வண்டின்னா குழாயை ரிசர்வுக்குத் திருப்புங்க.

மூணாவது பேட்டரி. ஹாரன் அடிங்க. சத்தம் கம்மியா வந்தா பேட்டரி இறங்கியிருக்கு. கிக்கர் இருந்தா உதைச்சுப் பாருங்க.

நாலாவது பிளக். இன்ஜின் ஆறின பிறகு பிளக் ஸ்பேனரால கழற்றுங்க. முனை கரி பிடிச்சிருந்தா பழைய பிரஷ்ஷால தேய்ங்க. பெட்ரோல்ல நனைஞ்சிருந்தா அதிகமா உதைச்சதால பெட்ரோல் ஏறிடுச்சுன்னு அர்த்தம். துடைச்சு, கொஞ்ச நேரம் காய விட்டு மாட்டுங்க. அப்புறம் சோக் போடாம உதைங்க. காய்ஞ்சே இருந்தா பெட்ரோல் வந்து சேரலை.

போன மழைக்காலத்துல குழுவோட தவணைப் பணத்தை எடுத்துக்கிட்டு பேங்குக்குக் கிளம்பினேன். பாதி வழியில வண்டி நின்னுடுச்சு. சுவிட்ச் சரி, பெட்ரோல் இருக்கு. பிளக் மேல மாட்டியிருக்கிற மூடியை இழுத்துப் பார்த்தா உள்ளே தண்ணி. முந்தானையால துடைச்சு மாட்டி ரெண்டு உதை உதைச்சேன், கிளம்பிடுச்சு. கவுண்டர் மூடறதுக்குள்ள பணம் கட்டியாச்சு.

இதுக்கும் மேல மெக்கானிக் வேலை. 2020-க்குப் பிறகு வந்த வண்டிகள்ல பெரும்பாலும் கார்பரேட்டர் இல்லை, இன்ஜெக்ஷன்தான், அதைக் கழற்றாதீங்க. ஆனா மெக்கானிக்கிட்ட "பெட்ரோல் இருக்கு, பிளக் துடைச்சாச்சு, ஹாரன் நல்லா அடிக்குது"ன்னு சொல்லுங்க. விவரம் தெரிஞ்சவங்கன்னு புரிஞ்சாலே தேவையில்லாத செலவு வைக்க யோசிப்பாங்க.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு புது பிளக் வாங்கி வைக்கணும். ஒரு மாதக் கூட்டத்துல வண்டியை நடுவுல நிறுத்தி, எல்லாரும் தன் கையால பிளக்கைக் கழற்றி மாட்டிப் பழகணும். கணக்கு நோட்டு எழுதப் பழகின கைக்கு இது பெரிய விஷயமே இல்லை.