இதைப் படித்ததுண்டா?



நல்லதொரு நூலைப் படித்து முடித்தவருக்கும், நல்லதொரு கச்சேரியைக் கேட்டு எழுந்தவருக்கும் ஒரே வகையான தவிப்பு உண்டாகிறது. தாம் பெற்ற இன்பத்தை உடனே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்பதே அத்தவிப்பு. எங்கள் ஊர் வாசிகசாலையில், மாலை வேளைகளில், மர வாங்கிலே சஞ்சிகையை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் அமர்ந்திருப்பார். உள்ளே நுழையும் இளைஞன் எவனாயினும், அவனைப் பார்த்து, "தம்பி, இதைப் படிச்சனியோ?" என்று கேட்பார். இல்லை என்றால் தாம் எழுந்து இடங்கொடுப்பார். அந்த ஒரு கேள்வியினால் வாசகர்களானோர் எங்கள் ஊரிலே பலர். நானும் அவர்களுள் ஒருவன்.

இன்று அக்கேள்வியை நமது கைத்தொலைபேசி கேட்கின்றது. ஒரு பாட்டைக் கேட்டால் அதனைப் போன்ற பத்துப் பாட்டுக்களை அது வரிசையாக நிறுத்துகின்றது. ஒரு நூலைத் தேடினால் அதன் இனத்தைச் சேர்ந்த இருபது நூல்களைக் காட்டுகின்றது. இது பயனற்றதென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், மனிதர் ஒருவர் மற்றொருவருக்கு ஒரு நூலையோ இசையையோ எடுத்துக் கொடுப்பதற்கும் இதற்கும் வேற்றுமை உண்டு. அவ்வேற்றுமையை விளக்குவதற்காக, நான் சுவைத்த ஒரு நூல், ஓர் இசை, இணையத்திலே உள்ள ஒரு நூல்நிலையம் ஆகிய மூன்றையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அவற்றோடு, என் ஆசிரிய வாழ்வில் நான் செய்த பிழையொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் நூல். டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதிய 'என் சரித்திரம்' என்பது அதன் பெயர். 1940ஆம் ஆண்டு தொடக்கம் 'ஆனந்த விகட'னில் தொடராக வெளிவந்து, 1942இல் ஆசிரியர் மறைந்தமையால் முற்றுப்பெறாமலே நின்ற நூல் இது. பழைய தமிழ் ஏடுகளைப் பதிப்பித்த பேரறிஞரின் வரலாறு என்றவுடன், இது புலவர்களுக்கு மாத்திரம் உரியது போலும் என்று அஞ்ச வேண்டா. படிப்பிலே ஆசை கொண்ட ஓர் ஏழைச் சிறுவன் ஊர் ஊராக ஆசிரியரைத் தேடி அலைந்த கதை இது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் காலடியில் அவன் இருந்து கற்ற கதை இது.

இந்நூலிலே நான் அடிக்கடி திரும்பிப் படிக்கும் பகுதி, 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் நிகழ்ந்த ஒரு சந்திப்பைக் கூறுவது. அப்பொழுது சாமிநாதையருக்கு வயது இருபத்தைந்து. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த முதலாண்டு. அவ்வூருக்கு முன்சீபாக மாற்றம் பெற்று வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியாரின் முகத்தில் வியப்பேதும் தோன்றவில்லை. முடிவிலே, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா, சிலப்பதிகாரத்தைப் படித்ததுண்டா, மணிமேகலையைப் படித்ததுண்டா என்று அவர் கேட்டார். ஐயர் அவற்றைக் கண்டதும் இல்லை.

அந்தக் கேள்வியோடு முதலியார் நின்றுவிடவில்லை. தம்மிடம் இருந்த சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியை ஐயரிடம் கொடுத்தார். கொடுத்ததோடும் நில்லாமல், ஐயர் அதைப் பாடஞ் சொல்லத் தாம் உடனிருந்து கேட்டார். விளங்காத இடங்களை அறியும்பொருட்டு ஐயர் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்றார். ஏழு ஆண்டுகளின் பின்னர், 1887இல், சீவக சிந்தாமணி அச்சேறியது. அதனைத் தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் வந்தன. ஒருவர் மற்றொருவரிடம் கேட்ட ஒரு கேள்வியின் விளைவு எத்தகையது பாருங்கள்!

இந்நிகழ்ச்சியிலே மூன்று படிகள் இருக்கின்றன. முதலாவது, முதலியார் கேட்டார். எதிரில் இருப்பவர் எதுவரை வந்திருக்கிறார் என்பதை அறிந்தார். இரண்டாவது, பெயரை மாத்திரம் சொல்லாமல் நூலையே கையில் கொடுத்தார். மூன்றாவது, கொடுத்தபின் உடனிருந்தார். அன்று கும்பகோணத்தில் நமது கைத்தொலைபேசி இருந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று நான் சிலவேளை எண்ணிப் பார்ப்பதுண்டு. அந்தாதிகளை விரும்பிப் படித்தவருக்கு மேலும் நூறு அந்தாதிகளை எடுத்து நீட்டியிருக்கும். அவர் வாழ்நாள் முழுவதும் அந்தாதிகளையே படித்து மகிழ்ந்திருப்பார்.

இனி, என் பிழையைச் சொல்கிறேன்.

1994ஆம் ஆண்டு. பல்கலைக்கழகத்திலே கலைப்பட்டம் பெற்று, வலிகாமத்தில் ஒரு கிராமத்துப் பாடசாலையில் ஆசிரியனாகச் சேர்ந்த புதிது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அப்பொழுது மின்சாரம் இல்லை. வானொலிக்குரிய மின்கலங்கள் கிடைப்பதும் அரிது. எனவே துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, அதன் டைனமோவிலிருந்து வரும் மின்னால் வானொலி கேட்பார்கள். என் வகுப்பிலே பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இதில் வல்லவன். ஒலி ஏறாமலும் இறங்காமலும் ஒரே சீராகச் சுற்றும் கை அவனுக்கு வாய்த்திருந்தது. அவனுடைய தந்தையார் கோயில்களிலே தவில் வாசிப்பவர். அவர் நாதஸ்வரம் கேட்பதற்காக அவன் மாலையில் சுற்றிக்கொண்டிருப்பான்.

ஒருநாள் அவன் என்னிடம் வந்து, "சேர், படிக்கிறதுக்கு ஒரு புத்தகம் தருவீங்களோ?" என்று கேட்டான். நான் மகிழ்ந்துபோனேன். என் அலுமாரியில் இருந்தவற்றுள் மிகச் சிறந்தது எதுவோ அதையே கொடுக்க எண்ணி, அடியார்க்குநல்லார் உரையோடு கூடிய சிலப்பதிகாரத்தை எடுத்து அவன் கையில் வைத்தேன். இசை பற்றிய அரிய செய்திகள் அதில் இருக்கின்றன என்றும் பெருமையோடு சொன்னேன். ஒரு மாதத்தின் பின் அவன் அதைத் திருப்பிக் கொண்டுவந்தான். "படிச்சு முடிச்சிட்டன், சேர்" என்றான். நான் ஐந்தாம் பக்கத்தில் அடையாளமாக வைத்திருந்த காகிதத்துண்டு அந்த இடத்திலேயே இருந்தது. அதன் பின்னர் அவன் என்னிடம் நூல் கேட்கவேயில்லை.

இராமசுவாமி முதலியார் காப்பியத்தைக் கொடுத்தார். நானும் காப்பியத்தைத்தான் கொடுத்தேன். அவர் கேட்டபின் கொடுத்தார். நான் கேளாமற் கொடுத்தேன். அந்தச் சிறுவனுக்கு வேண்டியிருந்தது, மிதியைச் சுற்றினால் மின்சாரம் எவ்வாறு பிறக்கிறது என்று சொல்லும் எளிய விஞ்ஞான நூலொன்று. அவன் கையிலிருந்த டைனமோவை நான் நாள்தோறும் கண்டேன். அதிலிருந்து அவன் மனத்தை அறிய எனக்குத் தோன்றவில்லை. அவனுக்காக அன்றி, என் படிப்பைக் காட்டிக்கொள்வதற்காகவே அந்நூலைக் கொடுத்தேன் என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் சென்றன.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். மறு ஆண்டு நான் திரும்பி வந்தபோது அலுமாரி இருந்தது, நூல்கள் இருக்கவில்லை. அந்தச் சிறுவனும் எங்கோ சென்றுவிட்டான்.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. நான் அதிபராக உள்ள பாடசாலைக்கு, தம் மகளை ஒன்பதாம் தரத்திற் சேர்ப்பதற்காக ஒருவர் வந்தார். நான் அவரை அடையாளங் காணுமுன் அவர் என்னை அறிந்துகொண்டார். இப்பொழுது வானொலி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசி ஆகியவற்றைத் திருத்தும் கடையொன்று வைத்திருக்கிறார். பாடசாலை நூலகத்தைப் பிள்ளைக்குக் காட்டலாம் என்று நான் எழுந்தபோது, அவர் சிரித்துக்கொண்டு, "எங்கட வீட்டில ஒருத்தருக்கும் புத்தகம் ஒத்துவராது, சேர்" என்றார். அச்சொல் என் உள்ளத்திலே தைத்தது.

இம்முறை நான் நூல் எதையும் எடுக்கவில்லை. "பிள்ளை, நீ விரும்பிக் கேட்பது என்ன?" என்று அச்சிறுமியை வினவினேன். அவள் சற்றும் தயங்காமல், "தவில், சேர்" என்றாள். காலமாகிவிட்ட அப்பப்பாவின் தவில் வீட்டிலே இருக்கிறதாம். பிறகு அவளே என்னைக் கேட்டாள்: "யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின்ரை தவில் கேட்டிருக்கிறீங்களோ?"

இளமையில் திருவிழாக்களிலே அப்பெயரைக் கேள்வியுற்றிருக்கிறேன். ஆனால், அமர்ந்து கேட்டேனல்லேன். அவர் 1975இல், நாற்பதைச் சற்றே தாண்டிய வயதில் மறைந்துவிட்டார். அன்றிரவு, அச்சிறுமி சொன்னபடி, இணையத்திலே தேடிக் கேட்டேன். இதுவே நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் இசை. ஈழத்தவரான இக்கலைஞர், தமிழகத்து முன்னணி நாதஸ்வர வித்துவான்களுக்கும் தவில் வாசித்துப் புகழ்பெற்றவர். இவரைப் பற்றி அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம் இந்தியாவின் தேசியத் திரைப்பட விருதையும் பெற்றிருக்கிறது. தவிலின் இடப்பக்கத்தைக் கோலாலும் வலப்பக்கத்தைக் கூடணிந்த விரல்களாலும் வாசிப்பர் என்பதை நீங்கள் அறிவீர்கள். பழைய ஒலிநாடாக்களிலிருந்து வந்த பதிவுகளாகையால் இரைச்சல் இருக்கும். அதனைப் பொருட்படுத்த வேண்டா. கையால் தாளத்தைப் போட்டுக்கொண்டு கேளுங்கள். முதலில் விரைவுதான் உங்களை மயக்கும். இரண்டாம் முறை கேட்கும்போது, அவர் அடிக்காமல் விட்ட இடங்கள் செவிக்குத் தெரியவரும். அவ்விடங்களிலே தாளம் நம் கையில் மட்டும் இருக்கும். நாம் தவறவிட்டோமோ என்று அஞ்சும் கணத்தில் அவர் வந்து சேர்ந்துகொள்வார்.

இசைக்கு நன்றியாக அச்சிறுமிக்கு எதையேனும் கொடுக்க விரும்பினேன். அதற்கு எனக்கு உதவியது, நான் மூன்றாவதாகச் சொல்ல விரும்பும் இணைய நூல்நிலையம். 'நூலகம்' என்பதே அதன் பெயர். 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக மின்படியாக்கி, எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்ததைக் கண்ட ஒரு சமூகத்துக்கு, ஒரு நூலின் படி வேறோரிடத்தில் இருப்பது எத்துணை ஆறுதல் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பெரிய ஆசிரியர்களின் நூல்களைத் தேடி அங்கே செல்வோர் பலர். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவதோ அங்குள்ள சிறு வெளியீடுகளை. பாடசாலை ஆண்டு மலர்கள், கோயிற் கும்பாபிஷேக மலர்கள், இறந்தோர் நினைவாக முப்பத்தோராம் நாளிலே வெளியிடும் நினைவு மலர்கள் ஆகியன அங்கே இருக்கின்றன. பெருநூலகங்கள் பேணாத வெளியீடுகள் இவை. உங்கள் ஊரின் பெயரை இட்டுத் தேடிப் பாருங்கள். உங்கள் ஆசிரியரின் பெயரோ பாட்டனாரின் பெயரோ அங்கே உங்களுக்காகக் காத்திருத்தல் கூடும்.

நான் அவ்வாறு தேடியபோது, ஒரு கோயிலின் கும்பாபிஷேக மலர் கிடைத்தது. அதன் பிற்பகுதியிலே, அவ்விழாவில் மங்கல இசை வழங்கியோரின் பெயர்கள் அச்சாகியிருந்தன. தவில் என்னும் தலைப்பின்கீழ் நான்காவது பெயர் அந்தச் சிறுமியின் அப்பப்பாவினுடையது. அப்பக்கத்தைப் படியெடுத்து அவள் கையில் கொடுத்தேன். "அப்பாவுக்கும் காட்டு" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

மறுநாட் காலை, கடையைத் திறக்குமுன் அவர் பாடசாலைக்கு வந்தார். அத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "முழுப் புத்தகத்தையும் எங்க பாக்கலாம், சேர்?" என்று கேட்டார். இணைய முகவரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

மூன்று கிழமைகள் சென்றன. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர், கூட்டம் முடிந்த பின்னும் போகாமல் வாயிலருகே நின்றார். அருகே சென்றேன். தம் கைத்தொலைபேசியை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். வேறொரு கோயிலின் மலர், இன்னும் பழையது. எங்கள் பகுதி நாதஸ்வர, தவிற் கலைஞர்களின் பரம்பரையைப் பற்றிய நீண்ட கட்டுரையொன்று அதில் இருந்தது.

"இதைப் படிச்சனீங்களோ, சேர்?" என்று கேட்டார்.

நான் படித்ததில்லை. அன்றிரவே படித்தேன்.

நேயர்களே, நீங்கள் சுவைத்த நூல்களும் பாட்டுக்களும் உங்களிடம் இருக்கும். அவற்றை யாருக்கேனும் கொடுக்குமுன், அவர் எதை விரும்புகிறார் என்று ஒருமுறை கேளுங்கள். கொடுத்தபின் சற்று உடனிருங்கள். அவர் உங்களுக்கு ஒன்றைக் கொடுக்க வரும்போது, வயதும் படிப்பும் பாராமல் அதனைக் கை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.