சந்தா கட்டியவர்களின் சங்கம்

மலையகத்தில் தொழிற்சங்கம் புடவை மூட்டையோடு உள்ளே நுழைந்தது. தோட்டம் அதை நிர்வகித்த துரையின் தனி ராஜ்ஜியமாக இருந்த காலம் அது. வெளியாள் கால்வைத்தால் அத்துமீறல் வழக்கு. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குப் போய், அங்கு வசித்த தொழிலாளரின் நிலையை அறிந்தார். 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடினார். எழுத்து எட்டாத லயங்களுக்கும் அந்தப் பாட்டுகள் போய்ச் சேர்ந்தன.

சங்கத்தில் சேர்வது அன்று லேசான காரியமல்ல. வேலைநீக்கச் சீட்டான பத்துச்சீட்டைக் கொடுத்துவிட்டால் வேலை மட்டுமல்ல, லயக் காம்பிராவும் போய்விடும். கூலி கொடுப்பவரே கூரைக்கும் சொந்தக்காரர். தொழிற்சாலைத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்துவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பலாம். தோட்டத் தொழிலாளிக்கு அந்த வீடும் துரையின் வீடு. அந்த அச்சத்தை மீறிச் சந்தா கட்டிய முதல் தலைமுறைக்கு மலையகம் பட்டிருக்கும் கடன் பெரிது.

அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர் முல்லோயா கோவிந்தன். ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், சமசமாஜக் கட்சியினர் வழிநடத்திய சங்கத்தின் கீழ், நாட்சம்பளத்தில் 16 சதம் உயர்வு கேட்டுத் தொழிலாளர் போராடினார்கள். 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் மாண்டார். விசாரணை ஆணைக்குழு அமர்ந்தது. அதன் முன் கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் வாதாடினார். தொழிலாளர் மீதான வழக்குகளை ஒத்திவைப்பது பற்றி ஆளுநருக்கும் அமைச்சர்களுக்கும் மூண்ட தகராறில் அமைச்சரவையே பதவி விலகியது. 16 சதம் கேட்ட ஒரு தோட்டம் கொழும்பில் ஆட்சியையே உலுக்கிவிட்டது.

வாக்குரிமை போனது அதன் பிறகு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே மலையக மக்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. வாக்கில்லாத மக்களுக்குத் தொழிற்சங்கமே கட்சியானது, நியாயத்தலமானது, மனு எழுதும் கந்தோருமானது. 1977 மே 11ஆம் திகதி, தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். 1984 வேலைநிறுத்தத்தையடுத்து ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்தது. தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆனால், சம்பளப் பேச்சு மேசையில் அவர்கள் உட்கார்ந்தது மிக அரிது. இது சங்கங்கள் இன்னும் திருத்திக்கொள்ளாத பெரும் அநீதி.

1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறின. சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தில் தீர்மானமானது. பேச்சு கொழும்புக்குப் போனது, தோட்டத்துக் கமிட்டி சந்தா சேர்க்கும் கிளையாகச் சுருங்கியது. 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்புடை அணிந்து காலிமுகத்திடலில் திரண்டு அடிப்படைச் சம்பளமாக 1000 ரூபாய் கேட்டார்கள். அடுத்த ஜனவரியில் ஒப்பந்தம் கொடுத்தது 700. சங்கத் தலைமைகளை நோக்கியே கோபம் திரும்பியது. திரும்பியதில் நியாயமும் இருந்தது. 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் 1000 ரூபாய் வந்தது. ஆனால் கூட்டு ஒப்பந்தம் கைவிடப்பட்டது. பல தோட்டங்களில் ஒரு முழுப் பேருக்கு, அதாவது முழு நாட்சம்பளத்துக்கு, பறிக்கவேண்டிய கொழுந்தின் கிலோ கூடியது. முன்பு அப்படிக் கூட்டினால் கூட்டு ஒப்பந்தத்தைக் காட்டி மறிக்க முடிந்தது. இப்போது கமிட்டித் தலைவரின் கையில் அந்தக் காகிதம் இல்லை. 2024இல் நாட்சம்பளம் 1350 ஆனபோதும் கிலோத் தகராறு தீரவில்லை.

இப்போது வெளியார் உற்பத்தி முறை பரவுகிறது. மலையைக் குடும்பங்களுக்குப் பங்கிட்டு, கம்பனி கொழுந்தை நிறுத்து வாங்குகிறது. நாட்சம்பளம் இல்லாத இடத்தில் செக்ரோல் எனும் வேலைப் பதிவேடு இல்லை, சம்பளத்தில் பிடிக்கும் சந்தாவும் இல்லை. உரத்தின் விலையும் கொழுந்தின் விலையும் கம்பனியின் கணக்கில். அந்த விலையைப் பேசவும், நிறுவைத் தராசுக்குப் பக்கத்தில் பறிப்பவர் சார்பில் ஒருவரை நிறுத்தவும் சங்கங்கள் இப்போதே இறங்கவேண்டும். அந்த ஒருவர் கொழுந்து பறிக்கும் பெண்ணாக இருக்கவேண்டும்.