கடல்நீரின் கணக்கு



காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே திருவரங்கத்தில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் கடலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவலாம். திருச்சிராப்பள்ளி அங்காடிக்குக் கடல்மீன் வருகிறது. மீன் உண்ணாதார் இல்லத்திலும் உப்பு உண்டு. ஆதலின் கடல் தூயதா என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

சென்னைக்குத் தெற்கே, கல்பாக்கம் கடற்கரையில் அணுமின் நிலையம் ஒன்று உள்ளது. அதன் முதல் உலை 1983 இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் சுற்றுச்சூழலை அளக்கும் ஆய்வுக்கூடமோ 1974 ஆம் ஆண்டிலேயே அங்குப் பணி தொடங்கிவிட்டது. உலை எரியாத இடத்தில் எதனை அளந்தனர்?

கடல்நீர் இயல்பாகவே கதிரியக்கம் உடையது. அதிலுள்ள பொட்டாசியம்-40 என்னும் பொருளால் மட்டும் ஒரு லிட்டர் நீரில் நொடிக்கு ஏறத்தாழ 12 அணுக்கள் சிதைகின்றன. கல்பாக்கத்து மணலில் தோரியம் கொண்ட மோனசைட்டும் கலந்திருக்கிறது. போதாக்குறைக்கு, 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வானில் வெடித்த குண்டுகளின் சீசியம்-137 உலகக் கடல்கள் யாவற்றிலும் கலந்துள்ளது. இவற்றை முன்னரே குறித்து வைத்தால் அன்றோ பின்னர் வந்து சேர்ந்ததைப் பிரித்தறிய இயலும்? பள்ளி திறந்ததும் மாணவனின் எடையைக் குறிக்காத ஆசிரியர், ஆண்டிறுதியில் அவன் மெலிந்தானா பருத்தானா என்று எங்ஙனம் சொல்வார்?

சீசியத்தைக் காண்பது எளிதன்று. ஒரு குவளை நீரில் தேடிப் பயனில்லை. பல குடம் நீரை முகந்து, அமிலம் சேர்த்து, சீசியத்தைக் கவரும் உப்பொன்றை இட்டு, அடியில் தங்கும் பொடியை ஈயச் சுவருக்குள் வைத்து மணிக்கணக்கில் எண்ணுவர். டிரிட்டியம் என்பது நீரோடு நீராகவே கலந்துவிடுவது. அதற்கு முறை வேறு. நீரோடு நில்லாமல் வண்டலையும் மீனையும் மட்டியையும் சோதிப்பர். எனக்கு மட்டியே மிகவும் பிடித்த சாட்சி. அலை நீரை அடித்துச் சென்றுவிடும்; மட்டியோ பாறையை விட்டு நகராது, நாள்தோறும் நீரை வடித்துக் கலந்தவற்றைத் தன் உடலில் சேர்த்து வைக்கும்.

அளவு தெரியாவிடில் என்ன நேரும் என்பதற்கு ஜப்பான் சான்று. 1954 மார்ச்சில் பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் சாம்பல், மீன்பிடி படகொன்றிலிருந்த 23 பேர் மீது படிந்தது. அதன்பின் துறைமுகங்களில் கருவி கொண்டு மீனைச் சோதித்தனர். பெருமளவு சூரை மீன் வீணாயிற்று. மாசற்ற மீனையும் மக்கள் வாங்க அஞ்சினர்.

சதுரங்கப்பட்டினத்து மீனவர்க்கும் அந்நிலை வரலாகாது. ஆகவே என் கோரிக்கை ஒன்றே: ஆய்வுக்கூடத்தின் அளவுகள் அறிஞர் ஏட்டோடு நில்லாமல், 1974 முதற் கணக்கோடு ஒப்பிட்டு, எளிய தமிழில், மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஆண்டுதோறும் எழுதித் தொங்கவிடப்படல் வேண்டும்.