இரண்டாம் முறை வாங்குகிறார்களா?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சொந்தத் தொழில் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் மெக்கானிக்கல்காரன். மெஷினைப் பற்றி என்றால் ஒரு மணி நேரம் பேசுவேன். ஆனால் மெஷின் வாங்குவதற்கு முன்னால் உள்ள வேலையைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊரில் மரச்செக்கு போட நினைத்தேன். செக்கு, மோட்டார், ஷெட், கரண்ட் இணைப்பு என்று கணக்குப் போட்டால் அப்பாவின் பி.எஃப். பணத்தில் பெரும்பகுதி போய்விடும். அப்பா மறுக்கவில்லை. "யாரு வாங்குவாங்கன்னு மட்டும் சொல்லுப்பா" என்றார்.

சொந்தக்காரர்களைக் கேட்டால் எல்லாரும் "ஆரம்பிப்பா, நாங்க வாங்குறோம்" என்கிறார்கள். இதை வைத்துக் கடன் வாங்க முடியுமா? நம் ஊரில் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று யார் சொல்வார்! அதனால் பக்கத்து டவுன் செக்குக்காரரிடம் அவர் லேபிளோடு 80 அரை லிட்டர் பாட்டில் கடலெண்ணெய் வாங்கி, தெரியாத தெருக்களில் வீட்டுக்கு ஒன்றாக விற்றேன். முழு விலைக்குத்தான். ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும்; பாமாயில் விலைக்கு இதைக் கொடுக்க முடியாது. இலவசமாகக் கொடுத்திருந்தால் எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லியிருப்பார்கள்.

ஒரே வாரத்தில் தீர்ந்தது. அது கணக்கே இல்லை. அடுத்த மாதம் திரும்ப வாங்கியவர்கள் 23 வீடு. அதிலும் முக்கால்வாசி குவார்ட்டர்ஸ் பக்கம்; கடைத்தெருவில் ஒருவரும் இல்லை. வீட்டுக்கு மாதம் 2 லிட்டர் என்று தாராளமாக வைத்தாலும் 46 லிட்டர். செக்கை இரண்டு நாள் ஓட்டினால் வேலை முடிந்தது, மீதி 28 நாள் செக்கு சும்மா நிற்கும். வட்டி நிற்குமா?

பெங்களூரில் 2005-இல் ஐடி ஃப்ரெஷ் இட்லி மாவு ஆரம்பித்த பி.சி. முஸ்தபாவும் இன்ஜினியர்தான். சிறிய இடத்தில், சுமார் 20 கடைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தினம் 100 பாக்கெட் விற்றால்தான் மேற்கொண்டு பணம் போடுவது என்று பேச்சு. அந்த நூறை எட்ட ஒன்பது மாதம் ஆனதாம். மாவு இல்லாத தென்னிந்திய வீடு உண்டா? அதற்கே ஒன்பது மாதம்.

நான் செக்கு வாங்கவில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அதே செக்குக்காரரிடம் கூலிக்கு ஆட்டி விற்கிறேன். வாடிக்கையாளர்கள் கேட்டதால் நல்லெண்ணெயும் சேர்ந்தது. போன மாதம் 61 வீடு. அப்பா பணம் பேங்கில் அப்படியே இருக்கிறது. மாதாமாதம் நோட்டை வாங்கிப் பார்க்கிறார். 150 வீடு தொடர்ந்து ஆறு மாதம் வாங்கினால் செக்கு என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

நோட்டைக் கொண்டு வந்திருக்கிறேன். பார்க்க விரும்பும் தம்பி தங்கைகள் சாப்பாட்டு வேளையில் என்னைப் பிடியுங்கள்.